பின்லாந்தின் போர்க் குழந்தைகளும் அறுபது ஆண்டு கழித்து வந்த நோயும்

1939 நவம்பர் 30 அன்று, போர் அறிவிப்பு எதுவும் இல்லாமலே, சோவியத் விமானங்கள் ஹெல்சிங்கி நகரின்மீது குண்டு வீசின. குளிர்காலப் போர் என்று பின்லாந்து மக்கள் இன்றும் சொல்லும் அந்தப் போர் 105 நாள் நடந்தது. அதிலிருந்து நிமிர்வதற்குள் 1941 ஜூனில் அடுத்த போர் மூண்டது. அது 1944 செப்டம்பர் வரை நீண்டது. தந்தைமார் போர்முனையில் இருந்தார்கள். தாய்மார் தொழிற்சாலையிலும் வயலிலும் உழைத்தார்கள். சோவியத் ஒன்றியத்திடம் பறிபோன கரேலியாப் பகுதியிலிருந்து மட்டும் நான்கு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்து வந்து சேர்ந்தார்கள். உணவு பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது.

பக்கத்து நாடான ஸ்வீடன் போரில் இறங்கவில்லை. போர் முடியும்வரை பிள்ளைகளை நாங்கள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த குடும்பங்கள் முன்வந்தன. பின்லாந்து அரசு ஏற்றுக்கொண்டது. சுமார் 70,000 குழந்தைகள் ஸ்வீடனுக்குப் போனார்கள், சில ஆயிரம் பேர் டென்மார்க்குக்கு. கைக்குழந்தைகள்கூட இருந்தார்கள், ஆனால் பெரும்பாலோர் பள்ளி வயதை எட்டாதவர்களும் அப்போதுதான் எட்டியவர்களும். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். அதில் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். தூர்க்கு துறைமுகத்திலிருந்து கப்பலில் சிலர், வடக்கே தோர்னியோ வழியாக வளைகுடாவைச் சுற்றிப் போகும் ரயிலில் பலர். எல்லையைக் கடந்ததும் குளிப்பாட்டி, பேன் மருந்து போட்டு, சில நாள் தனிமையில் வைத்துப் பிறகு வீடு வீடாக ஒப்படைத்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு ஊர்களுக்குப் போனதும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் கொடுமை எதுவும் நோக்கமாக இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே பால் இருந்தது, இறைச்சி இருந்தது, காலுக்குச் செருப்பு இருந்தது. வளர்த்தவர்களில் பலர் அந்தக் குழந்தைகளின்மீது உயிரையே வைத்திருந்தார்கள். அதனால்தான் திரும்பி வருவது இரண்டாவது பிரிவானது. மூன்று வயதில் போய் ஆறு வயதில் திரும்பிய பிள்ளைக்கு பின்னிஷ் மொழி மறந்துபோயிருந்தது. ரயிலடியில் காத்திருந்த தாய்க்கு ஸ்வீடிஷ் தெரியாது. பெற்றவளும் பிள்ளையும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காமல் நின்றார்கள். பல ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. வளர்த்தவர்களிடமே தங்கிவிட்டார்கள்.

அந்தக் குழந்தைகள் உயிர் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், பேரன் பேத்தி கண்டார்கள். அவர்களுடைய இதயத்துக்கும் இரத்த நாளத்துக்கும் மூளைக்கும் அந்தப் பிரிவு ஏதாவது செய்ததா? இந்தக் கேள்விக்கு உலகில் பதில் சொல்லக்கூடிய நாடுகள் மிகக் குறைவு. பின்லாந்தால் சொல்ல முடிந்தது. காரணம், அங்கே செவிலியர்கள் எழுதி வைத்த அட்டைகள்.

1920களில் அர்வோ இல்ப்போ என்ற குழந்தை மருத்துவரின் முயற்சியில் அந்த நாட்டில் 'நெயுவோலா' எனப்படும் தாய்சேய் நல மையங்கள் தொடங்கின. குழந்தை பிறந்தபோது எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு, தலைச் சுற்றளவு என்ன, எத்தனை மாதம் தாய்ப்பால் குடித்தது, அப்பாவின் தொழில் என்ன என்று ஒவ்வொன்றும் பதிவானது. போர் நடந்த ஆண்டுகளிலும் அந்தப் பதிவு நிற்கவில்லை. ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் பட்டியல் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் தனி அடையாள எண் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்த பதிவு, மருந்து வாங்கிய பதிவு, இறப்புப் பதிவு எல்லாம் அந்த எண்ணோடு இணைந்தன. யோஹான் எரிக்சன் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1934 முதல் 1944 வரை ஹெல்சிங்கியின் இரண்டு மகப்பேறு மருத்துவமனைகளில் பிறந்த 13,345 பேரை இந்தப் பதிவுகள் வழியாகத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஸ்வீடனுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,800 பேர்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நிம்மதியான நாட்டில் வளர்ந்தவர்கள் அல்லர். அதே ஹெல்சிங்கியில் தங்கியவர்கள். 1944 பிப்ரவரியில் மூன்று பெரிய குண்டுவீச்சு இரவுகளைக் கண்டவர்கள், பதுங்கறையில் தூங்கியவர்கள், அரைவயிறு சாப்பிட்டவர்கள். ஆனால் தாயோடோ பாட்டியோடோ இருந்தவர்கள். பாதுகாப்பும் பாலும் கிடைத்தவர்களைவிட, குண்டுக்கடியில் குடும்பத்தோடு இருந்தவர்களின் உடல் அறுபது ஆண்டு கழித்து நன்றாக இருந்தது. பிரிக்கப்பட்டவர்களிடம் இதய நாள நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை நோயும் கூடுதல். இரத்த அழுத்தமும் கூடுதல். மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகம். பெண்களில் பூப்பெய்திய வயதுகூடச் சற்று முந்தியிருந்தது.

இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது அனு-காத்ரீனா பெசோனென் என்ற உளவியலாளரும் குழுவினரும் செய்த ஒரு சோதனை. அறுபது வயது தாண்டியவர்களை அழைத்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குழுவின் முன் நிறுத்தினார்கள். முன்தயாரிப்புக்குச் சில நிமிடம், பிறகு தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அது முடிந்ததும் ஒரு பெரிய எண்ணிலிருந்து ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறினால் முதலிலிருந்து. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பதற்றத்தை வரவழைக்கப் பயன்படும் முறை இது. முன்னும் பின்னும் சிறு பஞ்சுருளையை வாயில் அதக்கச் சொல்லி உமிழ்நீரை எடுத்து அதில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். குழந்தையாக இருந்தபோது பிரிக்கப்பட்டவர்களுக்கு அது அதிகமாக இருந்தது. இடையில் திருமணம், குழந்தைகள், வேலை, ஓய்வூதியம் என ஒரு முழு வாழ்க்கை நடந்து முடிந்திருக்கிறது. ஆனாலும் நாலைந்து வயதில் நேர்ந்த ஒன்று அட்ரினல் சுரப்பியின் போக்கில் அப்படியே தெரிகிறது.

ஏன் அப்படி? ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் ஹைபோதலாமஸ் ஒரு வேதிச் செய்தி அனுப்புகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி இரத்தத்தில் விடும் ஹார்மோன், சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினலைத் தட்டுகிறது. இருபது முப்பது நிமிடத்தில் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகிறது. ஓடவும் போராடவும் எரிபொருள் வேண்டும் என்பதால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அழுத்தம் கூடுகிறது. செரிமானம், வளர்ச்சி போன்றவை காத்திருக்க வைக்கப்படுகின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு இது. சிக்கல் அதை நிறுத்துவதில் இருக்கிறது. கார்ட்டிசால் போதுமான அளவு வந்துவிட்டதா என்பதை மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் உள்ள ஏற்பிகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் குழாயை அடைக்கும் மிதவையின் வேலை அவற்றுக்கு. ஏற்பிகள் குறைந்தால், ஆபத்து போன பிறகும் சுரப்பு நிற்கத் தாமதமாகிறது.

அந்த ஏற்பிகள் எத்தனை என்பதை எது முடிவு செய்கிறது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி எலிகளை வைத்துப் பல ஆண்டு பார்த்தார். தாய் எலிகளில் சில தங்கள் குட்டிகளை அதிகம் நக்கிக் கொடுக்கும், சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்ததும் அஞ்சாமல் நடமாடின. அவற்றின் ஹிப்போகாம்பஸில் ஏற்பிகள் அதிகம். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் விட்டால் அதுவும் வளர்ப்புத் தாயின் வழியே போனது. ஆக அது பிறவிக் குணம் மட்டுமல்ல. 2004இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு, அந்த ஏற்பியை உருவாக்கும் மரபணுவின்மீது ஒட்டிக்கொள்ளும் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் தாயின் வருடலுக்கு ஏற்ப மாறுகின்றன என்று காட்டியது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அது எவ்வளவு படிக்கப்படுகிறது என்பது மாறியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் ஹெல்சிங்கிச் சோதனையில் தெரிந்தது எந்தப் பாதையில் வந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான துப்பு நம்மிடம் இல்லை.

ஒரு நாள் ஏறி இறங்கும் கார்ட்டிசால் யாரையும் கொல்வதில்லை. ஐம்பது ஆண்டுகள், ஒவ்வொரு சிறு பதற்றத்துக்கும் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறி, சற்றுத் தாமதமாக இறங்கினால் என்ன ஆகும்? ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவன் 1993 முதல் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார். வெளிநெருக்கடிக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ள உடல் கொடுக்கும் விலை சேர்ந்துகொண்டே போகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு தங்குகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. நாளங்களின் உட்சுவரில் மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது. தூக்கம் கெடுகிறது. கெட்ட தூக்கம் மறுநாள் மீண்டும் அதே ஹார்மோனை உயர்த்துகிறது. ஐம்பது வயதில் ஒருவருக்கு நெஞ்சுவலி வரும்போது மருத்துவர் கொழுப்பையும் புகைப்பழக்கத்தையும் கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். ஆனால் சிலருடைய கணக்கு மிக முன்பே தொடங்கிவிட்டிருக்கிறது.

எப்போதும் கூடுதல்தான் கெடுதல் என்றும் எண்ணிவிட வேண்டாம். நியூயார்க்கில் ரேச்சல் யெஹுதா நாஜி வதைமுகாம்களில் தப்பியவர்களைச் சோதித்தபோது எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. அந்த முகாம் நினைவுகளால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் துன்புற்றுக்கொண்டிருந்தவர்களின் சிறுநீரில் கார்ட்டிசால் குறைவு. கார்ட்டிசாலுக்கு அழற்சியை அடக்கும் வேலையும் உண்டு. அது குறைந்தால் அழற்சி கட்டவிழ்கிறது. பாதிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எந்த வயதில், எவ்வளவு காலம், எத்தகைய அடி என்பதைப் பொறுத்திருக்கிறது. இரண்டு வழியும் இதயத்தில்தான் போய் முடிகிறது என்பதற்கு அமெரிக்க இரட்டையர் ஆய்வு ஒன்று சான்று. வியட்நாம் போர்க்காலத்தில் படையில் இருந்த இரட்டையர்களை வயோலா வக்கரினோ என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. போர் அதிர்ச்சி நோய் இருந்தவர்களில் 22.6 விழுக்காட்டினருக்கு இதய நோய் வந்தது. அது இல்லாதவர்களில் 8.9 விழுக்காடு. ஒரே கருவறையில் வளர்ந்த, ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரர்களுக்கு இடையில்கூட வேறுபாடு நின்றது.

பின்லாந்துக் கதைக்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. எந்தக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின? ஏழைகள், வீடிழந்தவர்கள், தந்தையைப் போரில் இழந்தவர்கள், நோயுற்ற குழந்தைகள் உள்ளவர்கள். பிற்காலத்து நோய்க்குப் பிரிவு காரணமா, அல்லது பிரிவுக்கு முன்பே இருந்த வறுமை காரணமா? பொருளியலாளர் தோர்ஸ்தன் சந்தவிர்த்தாவும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு நல்ல வழி கண்டார்கள். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை போயிருக்கும், இன்னொன்று தங்கியிருக்கும். அந்த உடன்பிறப்புகளையே ஒப்பிட்டார்கள். 2015இல் வந்த முடிவு முந்தைய ஆய்வுகளைப் போல நேர்க்கோட்டில் இல்லை. மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கணக்கை மொத்தமாக எடுத்தால் போனவர்களுக்கும் தங்கியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் பெண்களைத் தனியே பார்த்தபோது, போன சகோதரிக்குக் கடும் மனச்சோர்வு முதலிய நோய்களால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, தங்கிய சகோதரியைவிட இரண்டு மடங்கு.

மூன்று ஆண்டு கழித்து அடுத்த தலைமுறையைப் பார்த்தார்கள். ஸ்வீடனுக்குப் போன தாயின் மகளுக்கும், போகாத சித்தி அல்லது பெரியம்மாவின் மகளுக்கும் ஒப்பீடு. போன தாயின் மகள்களுக்கு மனச்சோர்வு வகை நோய்களால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். மகன்களிடம் அப்படி எதுவும் இல்லை. தாய் ஒருநாள்கூட மனநோய்க்காக மருத்துவமனைக்குப் போகாதவளாக இருந்தாலும் மகளிடம் இது தெரிந்தது.

இதைப் படித்ததும் போர் மரபணுவில் எழுதப்பட்டுவிட்டது என்று தலைப்பிடத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதினார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். தாயின் மெத்தில் குறிகள் கருவுக்குப் போயிருக்கலாம். அல்லது நான்கு வயதில் கைவிடப்பட்டதாக உணர்ந்த ஒருத்தியிடம், தன் மகளை அணைப்பதில், அவள் அழும்போது பொறுப்பதில், அவளைப் பள்ளிக்கு அனுப்பும் காலையில் ஏதோ ஒரு வேறுபாடு இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று இந்தப் பதிவேடுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. மரபணு என்று சொல்லிவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகழுவ வழி பிறக்கிறது. வளர்ப்பு என்றால் உதவ இடம் இருக்கிறது. உறுதியாகத் தெரியாதபோது, உதவ இடம் தரும் பக்கத்தை மூடிவிடாமல் பார்த்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன்.

இவ்வளவு புள்ளிவிவரம் வருவதற்கு வெகு காலம் முன்பே, குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில், ஆன்னா ஃபிராய்டும் டோரத்தி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் நடத்திய போர்க்காலக் குழந்தைகள் இல்லங்களில் இதையே கண்டு எழுதினார்கள். தாய் பக்கத்தில் பதறாமல் இருந்தால், குண்டுவீச்சைக் குழந்தைகள் பெருமளவு தாங்கிக்கொண்டன. தாயைவிட்டுப் பிரிவதைத்தான் தாங்க முடியவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தைச் சொல்லாவிட்டால் தவறு. ஸ்வீடனுக்குப் போன குழந்தைகளில் பெரும்பாலோர் இதய நோயோ மனநோயோ இல்லாமலே வாழ்ந்தார்கள். இரண்டு மடங்கு வாய்ப்பு என்றால் எல்லோருக்கும் வந்தது என்று பொருள் இல்லை. இன்னும் வியப்பான கணக்கு இஸ்ரேலில் இருந்து வந்தது. நாஜிகளின் இன அழிப்பில் தப்பிய 38,000க்கும் மேற்பட்டோரை, இஸ்ரேலிலேயே பிறந்த அதே தலைமுறையினரோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. தப்பியவர்களிடம் உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், மறதி நோய் எல்லாமே அதிகம். ஆனால் அவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். இறந்தபோது சராசரி வயது 84.8. மற்றவர்களுக்கு 77.7. நோயும் கூடுதல், ஆயுளும் கூடுதல். வலுவான உடல்கட்டு உள்ளவர்கள் மட்டுமே அந்த நரகத்தைக் கடந்தார்கள் என்பது ஒரு பகுதி விளக்கம். அப்படியென்றால் இறந்துபோனவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பதை மறக்கக் கூடாது. துன்பம் மனிதரை உறுதியாக்கும் என்று இதைக் காட்டிப் பேசுவோர்மீது எனக்குக் கோபம் வருகிறது. தப்பியவர்கள் தங்கள் உடல்நலத்தில் கூடுதல் அக்கறை எடுத்திருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். குடும்பம் முழுவதையும் இழந்த ஒருவர், புதிதாகக் கட்டிய குடும்பத்துக்காக ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாமல் இருப்பது புரிந்துகொள்ளக்கூடியது.

மீண்டெழுவது எதனால் என்று கேட்டவர்களில் எம்மி வெர்னர் முக்கியமானவர். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் சிறுமியாக வளர்ந்தவர். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்தார். வறுமை, குடிகாரத் தந்தை, உடைந்த குடும்பம் என எல்லாச் சுமையும் சேர்ந்த வீடுகளில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, நிலையான வாழ்க்கையோடு வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் நம்பத்தக்க ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, அத்தை, ஓர் ஆசிரியை. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் சிறார் படைவீரர்களாக இழுத்துச் செல்லப்பட்டவர்களை 2002 முதல் தொடரும் தெரசா பெட்டன்கூர்ட்டும் இதற்கு நெருக்கமானதைத்தான் கண்டார். அவர்கள் செய்ததும் அவர்களுக்குச் செய்யப்பட்டதும் சொல்லில் அடங்காதவை. ஆனால் திரும்பி வந்தபோது குடும்பமும் ஊரும் ஏற்றுக்கொண்டவர்கள் மெல்லத் தேறினார்கள். ஊர் ஒதுக்கியவர்கள் காலம் போகப் போக மோசமானார்கள். போரில் பட்டதை யாராலும் திருத்த முடியாது. திரும்பி வந்தவரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைத் திருத்த முடியும்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் நினைக்காமல் ஒரு தமிழரால் மேலே படிக்க முடியாது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும், இலங்கைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே பொதுமக்களிடையே செய்த ஆய்வை 1994இல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் பிடித்தது அதிர்ச்சி நோயோ மனச்சோர்வோ அல்ல. உடலில் நோய் காண முடியாத உடல் உபாதைகள், 41 விழுக்காட்டினரிடம். தலையிடி, நெஞ்சுநோ, உடம்பு உளைவு. மனக்கவலை என்று யாரும் டாக்டரிடம் போவதில்லை. நெஞ்சுக்குள் அடைக்கிறது என்றுதான் போகிறார்கள். அவர்களின் நெஞ்சில் உண்மையிலேயே ஏதோ நடக்கிறது என்பதைத்தான் மேலே சொன்ன ஹார்மோன் கதை காட்டுகிறது.

போர் முடிந்த சில மாதங்களில், 2009இல், யாழ் மாவட்டத்தில் இன்னொரு கணக்கெடுப்பு நடந்தது. அதிர்ச்சி நோயின் அறிகுறிகள் 7 விழுக்காட்டினரிடம், மனச்சோர்வு 22.2, பதற்ற நோய் 32.6. அப்போதும் முகாமில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் இந்த எண்கள் 13, 41.8, 48.5. முகாம் வாழ்க்கைதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே இருந்தவர்கள் கண்ட சாவும் அதிகம், அதைக் கணக்கில் கொண்டால் இடைவெளி மறைந்துவிடுகிறது. ஆனால் போரும் ஆழிப்பேரலையும் கண்ட இலங்கைச் சிறுவர்களிடம் காயத்ரி பெர்னாண்டோவும் கென்னத் மில்லரும் செய்த ஆய்வு, வீட்டில் அடி, வறுமை, அன்றாட அவமானம் போன்றவை அந்தப் பெருநிகழ்வுகளோடு சேர்ந்து எவ்வளவு பாதிக்கின்றன என்று காட்டியது. குண்டு ஒரு நாள் விழுகிறது. வேலையின்மையும் கடனும் தினமும் வருகின்றன.

வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவிடம் இலங்கையில் காணாமற்போனோர் என்று 16,000 பேருக்கு மேல் பதிவாகியிருக்கிறார்கள். வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் மனைவியரிடம் தன் ஆய்வைத் தொடங்கிய பாலின் பாஸ், முடிவு தெரியாத இழப்புதான் இழப்புகளிலேயே தாங்க முடியாதது என்று எழுதினார். இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்யக் கீரிமலைக்குப் போவதா வேண்டாமா, நெற்றிப் பொட்டை வைத்திருப்பதா அழிப்பதா என்று தெரியாமல் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்ணின் உடலுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு லண்டனில் நடந்த ஓர் எளிய சோதனை துப்புத் தருகிறது. 45 பேரின் கையில் சிறு மின்னதிர்வு கொடுத்து, வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்வு நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று சரிபாதி ஐயம் இருந்தபோது பதற்றம் அதிகம். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் படங்களோடு சாலையோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்டது இந்த ஐயத்துக்கு முடிவு. அது நீதிக்கான கோரிக்கை. அதோடு அவர்களுடைய இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் உரிய மருத்துவக் கோரிக்கையும் அதுவே. அரசுக்கு அதைப் புரியவைக்க இந்தச் சான்றுகள் பயன்பட வேண்டும்.

2009இல் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்த ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. பின்லாந்தில் கேடு துலங்கியது அறுபதில். ஆக இன்னும் காலம் இருக்கிறது. இலங்கைக்கு ஒரு வசதியும் உண்டு. வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்க்கும் மருத்துவமாதுகளின் வலுவான அமைப்பும், ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் குறித்துத் தாயிடமே கொடுக்கும் பதிவேடும் அங்கே பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஹெல்சிங்கி அட்டைகள் செய்த வேலையை அவையும் செய்ய முடியும். வடக்கிலும் கிழக்கிலும் கருவுற்று வரும் இளம் தாயிடம் எடையும் இரத்த அழுத்தமும் கேட்கும்போதே, போரின் கடைசி மாதங்களில் எங்கே இருந்தாய், உன்னோடு அம்மா இருந்தாரா, எவ்வளவு நாள் பிரிந்திருந்தாய் என்றும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பிரிந்திருந்தவள் என்றால் பிள்ளைப்பேற்றுக்குப் பின் அவள் வீட்டுக்கு இன்னும் சில தடவை கூடுதலாகப் போக வேண்டும், நாற்பது வயதுக்குக் காத்திராமல் அவளுடைய சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்க்கத் தொடங்க வேண்டும். ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது.